டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

மலருக்குக் கவிதை எழுதத்தான் ஆசை. வரவில்லை. அதனால் எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கும் ஊர் என்றால் தெரியும். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. கிணற்று மேட்டில் ஒரு ஆயில் என்ஜின் இருந்தது. அப்பா ஹேண்டிலைப் போட்டுச் சுத்துவார், நான் லிவரைத் தூக்கிப் பிடிச்சிருப்பேன். வேகம் வந்ததும் விடச் சொல்லிக் கத்துவார். விட்டதும் டப்டப்புன்னு புடிச்சுக்கும். ஸ்பார்க் பிளக்கே இல்லாத என்ஜினுக்குள் தீ எங்கிருந்து வருதுன்னு அப்போ யோசிச்சதில்லை. டீசல் என்றால் பங்கில் கேனில் வாங்கி வரும் எண்ணெய், அவ்வளவுதான். அது ஒரு ஆளோட பேர் என்பது இங்கே டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பாவுக்குத் தோல் சாமான் செய்யும் தொழில். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்களை பிரான்சிலிருந்து துரத்தவே குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வயிற்றுப்பாட்டுக்கே திண்டாட்டம். பன்னிரண்டு வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாலு வயதிலேயே என்ஜினீயர் ஆகப் போகிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்! (அங்கே அது பல்கலைக்கழகத்துக்குச் சமம், ஆனாலும் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.) பெற்றோருக்கு விருப்பமில்லை. படித்தது போதும், சம்பாதிக்கட்டும் என்றார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் சொந்தக்காரர்களும் அப்பாவிடம் இதையேதான் சொன்னார்கள், ஓசூரில் ஏதாவது கம்பெனியில் சேர்த்துவிடு என்று. கிணறு வற்றிப்போன வருஷம் அது. அப்பா ஒன்றும் பேசவில்லை. என்ஜினைக் காயலான் கடைக்காரரிடம் போட்டுவிட்டு வந்து எனக்கு அட்மிஷன் ஃபீஸ் கட்டினார்.

மியூனிக்கில் பேராசிரியர் கார்ல் வான் லிண்டேவின் வகுப்பு. நீராவி என்ஜின், நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று அங்கே தெரிந்துகொண்டார் டீசல். அது அவர் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. 1879-ல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு தள்ளிப்போனது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க: 1880-ல் எழுதி உயர்ந்த தகுதியோடு தேறினார்.

பிறகு லிண்டேவின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. மனசெல்லாம் என்ஜினில். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா? அதேதான் விஷயம். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் ஏகமாய் அமுக்கினால் அது கொதிக்கும். அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றும். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பணம் போட்டன. 1893 ஆகஸ்டில் முதல் சோதனையிலேயே அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில் ஒரு நிமிஷம் மட்டும் தானாக ஓடியது. நாலு வருஷம் தொழிற்சாலை பொறுத்துக்கொண்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1897 பிப்ரவரியில் மியூனிக்கிலிருந்து பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அளந்து பார்த்தார். வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியிருந்தது. யோசனை கல்லூரியில் பிறந்து, இரும்பானது தொழிற்சாலையில், சான்று கொடுத்தது மறுபடி கல்லூரி. நாங்கள் இன்பிளாண்ட் டிரெய்னிங் கேட்டுப் போன ஒரு இடத்தில் வாட்ச்மேன் கேட்டையே தாண்ட விடவில்லை. அதை நினைத்துக்கொண்டேன்.

1900 பாரிஸ் கண்காட்சிக்கு வருவோம். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் ஓட்டோ நிறுவனம் ஒரு சின்ன டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. நம்ம தர்மபுரிக் கடலைதான் என்று சொல்ல ஆசை, ஆனால் அவர்கள் மனசில் இருந்தது ஆப்பிரிக்காவில் விளையும் கடலை. என்ஜினில் எதையும் மாற்றவில்லை. பார்த்த பல பேருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். 1912-ல் டீசல் இதைப் பற்றிப் பேசியபோது, தாவர எண்ணெய் இன்றைக்கு அற்பமாகத் தெரிந்தாலும் ஒருநாள் பெட்ரோலியம் அளவுக்கு முக்கியமாகலாம் என்ற கருத்தைச் சொன்னார். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. கடன் கழுத்தை நெரித்த நிலையில், 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்து உடல் கடலில் மிதந்தது. விழுந்தாரா, குதித்தாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் கெட்டித்தன்மையால் நாளடைவில் நாசிலில் கரி கட்டும். 1937-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்து ஷவானே, எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து கிளிசரினைப் பிரித்தெடுக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே அதில் பஸ் ஓடியது. இன்றைய பயோடீசல் அதுதான். நம் நாட்டில் 2003-ல் பாவ்நகர் மத்திய உப்பு ஆய்வு நிலையம், ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம், டெய்ம்லர்கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து காட்டாமணக்கு எண்ணெயில் இறங்கி, மெர்சிடிஸ் காரையே ஓட்டின. கார் ஓடிவிட்டது, காட்டாமணக்குதான் எதிர்பார்த்தபடி காய்க்கவில்லை.

போன லீவில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கணக்குப் போட்டார். நம்ம அஞ்சு எச்.பி. என்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ரெண்டு கிலோவுக்கு மேலே பருப்பு வேணும், கடலைக்குத் தண்ணி பாய்ச்ச கடலையையே எரிக்கிறதா என்றார். எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வரப்போரம் நிற்கிற புங்க மரத்துக் காயிலே எவ்வளவு தேறும்னு கேட்டார். என்ஜினே இல்லாமல் கேட்டார்! எங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அங்கே விசாரித்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.