மாடிப்படியில் பிறந்த பீட்

ஹாஸ்டல் மாடிப்படியில் நாலு பேர் சேர்ந்து ஓங்கி மிதிச்சா என்ன ஆகும்? வார்டன் வருவார். லண்டனில் ஒருத்தர் அந்தச் சத்தத்தையே ரெக்கார்ட் பண்ணார். 1964-ல் பாட்டு பிரிட்டனில் நம்பர் ஒன்!

அவர் பேர் ஜோ மீக். 1929-ல் இங்கிலாந்தின் நியூவென்ட் ஊரில் பிறந்தவர். விமானப்படையில் ரேடார் டெக்னீஷியன். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது; ஆனா சர்க்யூட் தெரியும்.

ஹாலோவே ரோட்டில், ஒரு தோல்பொருள் கடைக்கு மேலே இருந்த வாடகை வீடுதான் அவர் ஸ்டுடியோ. 'ஹேவ் ஐ தி ரைட்' பாட்டுக்கு டிரம் சத்தம் மட்டும் போதலை. குழுவினரை மரப்படியில் மிதிக்கச் சொன்னார். மைக்குகளைச் சைக்கிள் கிளிப்பால் படியோரம் மாட்டினார். பாத்ரூமை எக்கோ அறையாக்கினார். பதிவான சத்தத்தை ஓர் அறையில் ஸ்பீக்கர் வழியா ஒலிக்கவிட்டு, சுவரில் பட்டுத் திரும்புறதை மறுபடி மைக்கில் பிடிக்கிறதுதான் எக்கோ அறை. நீங்க இன்னைக்கு ரீ-ஆம்பிங்னு சொல்றதுக்கு அது நெருங்கின சொந்தம்.

1962-ல் அவர் எழுதித் தயாரித்த 'டெல்ஸ்டார்' அமெரிக்காவிலும் முதலிடம் பிடிச்சுது. ஆனா மெட்டைத் திருடினார்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, ராயல்டி முடங்கியது. கடன், மனநோய். 1967 பிப்ரவரி 3-ல் வீட்டுக்காரம்மாவைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டார். வயசு 37. அந்தக் கொலையை எந்தத் திறமையும் அழிக்காது.

அவர் இறந்த பிறகு தீர்ப்பு அவர் பக்கமே வந்தது.

அவர்கிட்ட எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான்: நல்ல ஸ்டுடியோ கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. உங்க பிளாக்கிலும் படிக்கட்டு இருக்கு.