எண்ணில் இசை கண்ட ஏடா

மேடையில் ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் வீணை இல்லை, குழலும் இல்லை. அவர் நிரல் வரிகளை எழுத எழுத, அரங்கில் இசை எழுகிறது. வரியை மாற்றினால் இசையும் மாறுகிறது. எண்களைக் கையாளும் பொறி இசையையும் ஆக்கக்கூடும் என்று, கணினியே தோன்றாத காலத்தில் எண்ணிப் பார்த்தவர் ஏடா லவ்லேஸ்.

ஏடா 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன். ஏடா கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். எட்டு வயதில், முகமறியாத தந்தையை இழந்தார். கணிதத்தில் நாட்டமுடைய தாய், மகளுக்கும் இளமை முதலே கணிதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 13 வயதில் தட்டம்மை கண்டபின் ஏடா நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பின்பு ஊன்றுகோலின் துணையால் நடந்தார். எனினும் கல்வியைக் கைவிடவில்லை. யாழ் போன்ற ஹார்ப் என்னும் நரம்புக்கருவியை விரும்பி இசைத்தார்.

1833ஆம் ஆண்டு கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் பின்னர்ப் பகுப்பாய்வுப் பொறி என்னும் கணக்கிடும் பொறியை வடிவமைத்தார். தறியில் பூவேலை நெய்யத் துளையிட்ட அட்டைகள் வழிகாட்டியதுபோல, இப்பொறிக்கும் துளையிட்ட அட்டைகளே கட்டளை தரும். இதைப்பற்றி இத்தாலியரான மெனாபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்தார். அவை 1843ஆம் ஆண்டு வெளிவந்தன. அவர் தம் முழுப்பெயரை இடாமல் முதலெழுத்துகளை மட்டுமே இட்டார்.

அக்குறிப்புகளில் அரியதொரு கருத்து உள்ளது. சுரங்களுக்கிடையே கணக்குறவு உண்டு. கீழ் சட்சத்தைப்போல் மேல் சட்சத்தின் அதிர்வு இருமடங்காகும். இத்தகைய உறவுகளைப் பொறி ஏற்கும் குறியீடுகளாக மாற்றினால், அப்பொறி இசையையும் இயற்றக்கூடும் என்று ஏடா உணர்ந்தார். பொறி தானாக எதையும் படைக்காது. மனிதர் கட்டளையிட அறிந்ததையே அது செய்யும் என்றும் தெளிவுபடுத்தினார்.

பகுப்பாய்வுப் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. தாம் எண்ணிய இசையைக் கேளாமலே ஏடா 1852ஆம் ஆண்டு, 36ஆம் வயதில் நோயால் மறைந்தார். அவர் விரும்பியவாறே, தந்தையின் கல்லறை அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

சுமார் நூறாண்டுகளுக்குப் பின், 1951இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி பாடல்களை ஒலித்தது. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல் வழியே, கணினி 17 நொடி இசையை எழுப்பியது. 1979இல் ஒரு நிரல்மொழிக்கு ஏடாவின் பெயரே சூட்டப்பட்டது. முதலெழுத்துகளுக்குள் மறைந்திருந்த பெயரை இன்று உலகம் அறியும்.

சிந்தித்து எழுதுக: கணினி எழுப்பும் இசையைப் படைப்பவர் யார்? ஏடாவின் கருத்தைக் கொண்டு விளக்குக.