இதயத்துக்கு வழி கண்டவர்

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோ செய்திருந்தால், வெர்னர் ஃபோர்ஸ்மனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1904-இல் பெர்லினில் பிறந்தவர். 1929-இல் எபெர்ஸ்வால்டே மருத்துவமனையில் இளம் மருத்துவர். கை ரத்தக்குழாய் வழியாக இதயத்தை எட்டலாம் என்றார். மேலதிகாரி அனுமதி தரவில்லை. கருவிகளின் சாவி வைத்திருந்த செவிலியர், தன் கையில் செய்து பார்க்கச் சம்மதித்தார். அவரை மேசையில் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் தன் கையைக் கீறி, 65 செ.மீ. குழாயைச் செலுத்திக்கொண்டார். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். குழாயின் முனை இதயத்தின் வலது மேலறையில் இருந்தது.

பாராட்டுக்குப் பதில் வேலை போனது. பிறகு சிறுநீரக மருத்துவரானார். நாஜி கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் கறை. 1956-இல் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடு நோபல் பரிசு பெற்றார். 1979-இல் மறைந்தார்.

பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸோடு சேர்ந்து 1954-இல் அறிவித்த கண்ணாடி இழைக் கற்றை, பின்னாளில் ரத்தக்குழாயின் உட்சுவரையே கண்ணுக்குக் காட்டியது.

நம் புதூர்நாட்டிலிருந்து மலை இறங்கவே நேரமாகும். ஆகவே, நெஞ்சு வலித்தால் வாயு என்று கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.