சதுரங்கப் படை நடத்திய மகாராஜா

திருவையாற்றுப் படித்துறையில் இறங்கிக் காவிரியில் முழுக்குப் போடுகிறவர்கள், அந்தத் தண்ணீர் எந்தெந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. குடகு மலையில் பிறந்து, மைசூர்ச் சீமையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை இரு கைகளாலும் அணைத்து, திருச்சியைத் தாண்டித்தான் அது ஐயாறப்பர் சந்நிதிக்கு வந்து சேருகிறது.

இந்த நதியின் இரு கோடியிலும், ஓராண்டு இடைவெளியில், இரண்டு அரசர்களைக் கும்பினியார் சிம்மாசனத்தில் அமர்த்தினார்கள். 1798-ல் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி. 1799-ல் மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். இருவருக்கும் கிரீடம் கிடைத்தது. போர் செய்யும் உரிமை கிடைக்கவில்லை. சரபோஜி ஏடுகளைத் திரட்டினார். சரஸ்வதி மகாலும், திருவையாற்றுக் காவிரிக் கரையில் உள்ள கல்யாண மகாலும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. மைசூர் மன்னரோ அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் படை நடத்தினார். கன்னட நாட்டார் மும்மடி கிருஷ்ணராஜர் என்று அழைக்கும் அந்த மகாராஜாவின் கதை இது. மும்மடி என்றால் மூன்றாமவர் என்று பொருள்.

தஞ்சையில் எழுதிய ஒப்பந்தம்

மைசூர் உடையார்களின் ஆட்சியை 1761-ல் ஹைதர் அலி தம் கைக்குக் கொண்டுவந்தார். அரச குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவலில் இருந்தது. ஆனால் லக்ஷ்மம்மண்ணி என்ற மகாராணி சோர்ந்துவிடவில்லை. அரண்மனைச் சிறையிலிருந்தபடியே ஆங்கிலேயருக்குத் தூது அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய தூதரான திருமலைராவ், 1782-ல் நம் தஞ்சாவூரில் வைத்துத்தான் ஜான் சல்லிவன் துரையுடன் ஒப்பந்தம் செய்தார். ஹைதர் வீழ்ந்தால் நாடு பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த விதை முளைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1799 மே 4-ந் தேதி திப்பு சுல்தான் கோட்டை வாசலில் போரிட்டு மாண்டார். அப்போது அரச குடும்பத்தில் ஒரு சிறுவன் இருந்தான். 1794 ஜூலை 14-ந் தேதி பிறந்தவன். இரண்டு வயதில் தந்தையை இழந்தவன். ஐந்து வயது நிரம்பாத அந்தப் பாலகனை 1799 ஜூன் 30-ந் தேதி மைசூரில் ராஜாவாக்கினார்கள். பழைய அரண்மனை இடிந்து கிடந்தது. ஆகவே முடிசூட்டு விழா ஒரு பந்தலில் நடந்தது!

சிம்மாசனத்துக்கு விலை உண்டு அல்லவா? நாட்டைக் காக்கக் கும்பினியின் படை அங்கே நிற்கும். அதற்காக மைசூர் ஆண்டுதோறும் ஏழு லட்சம் வராகன் கட்ட வேண்டும். படைக்குப் பணம் கொடுப்பவர் ராஜா. கட்டளை இடுபவர் வேறு ஒருவர்.

பறிபோன ஆட்சி

சிறுவன் வளரும்வரை திவான் பூர்ணய்யா நாட்டை நடத்தினார். கெட்டிக்காரர், கண்டிப்பானவர், கஜானாவை நிரப்பி வைத்தார். 1811-ல் அவர் விலகியபின் ஆட்சி இளம் மகாராஜாவின் கைக்கு வந்தது. அவருக்குப் பதினேழு வயது.

கிருஷ்ணராஜர் கல்விமான், ரசிகர், கை நீண்ட வள்ளல். கோயிலுக்குக் கொடுத்தார், புலவருக்குக் கொடுத்தார், வித்துவான்களுக்குக் கொடுத்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான சின்னையா மைசூர் சபைக்குச் சென்று புகழ் பெற்றார். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த சதாசிவராவும் அந்தச் சபையை அலங்கரித்தார். தஞ்சாவூர்ப் பாட்டும் பரதமும் ஆற்றை எதிர்த்து மேலே ஏறின என்றே சொல்லலாம்.

ஆனால் கொடை வேறு, நிர்வாகம் வேறு. கஜானா கரைந்தது; கடன் ஏறியது. வரி வசூலில் அதிகாரிகள் குடியானவர்களைக் கசக்கினார்கள். 1830-ல் நகரச் சீமையில் குடிகள் கலகம் செய்தார்கள். இதை மறைத்து மகாராஜாவைப் புகழ்ந்தால் அது சரித்திரம் ஆகாது. கொடுத்த கை ராஜாவுடையது. கொடுத்த பணம் உழவனுடையது.

கும்பினியாருக்கு இது போதுமான காரணமாயிற்று. 1831-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு மைசூரின் ஆட்சியைத் தம் வசம் எடுத்துக்கொண்டார். மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, குடியிருக்க அரண்மனை. பட்டம் உண்டு, அதிகாரம் இல்லை. கிருஷ்ணராஜருக்கு அப்போது முப்பத்தேழு வயது. இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் அவர் வாழ வேண்டியிருந்தது!

பின்னர் விசாரித்த கமிட்டி, மன்னர்மேல் சொன்ன குற்றங்களில் மிகைப்படுத்தியவையும் உண்டு என்று கண்டது. நாட்டில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று பெண்டிங்கே 1834-ல் யோசனை சொன்னார். லண்டனிலிருந்த டைரக்டர்கள் ஒப்பவில்லை. 1834 முதல் 1861 வரை மார்க் கப்பன் துரை கமிஷனராக இருந்து பெங்களூரிலிருந்து நாட்டை நடத்தினார். மன்னர் மைசூர் அரண்மனையில் இருந்தார்.

கட்டத்துக்குள் ஒரு ராஜ்யம்

ஆளப் பிறந்தவனிடமிருந்து ஆட்சியைப் பறித்தால் அவன் பொழுதை எப்படிப் போக்குவான்? வேட்டை, விருந்து என்று அழிந்தவர்கள் பலர். கிருஷ்ணராஜரும் உல்லாசப் பிரியரே. ஆயினும் அவர் மனம் ஓரிடத்தில் ஊன்றி நின்றது. அந்த இடம் சதுரங்கப் பலகை.

சதுரங்கம் என்றாலே நான்கு உறுப்புள்ள சேனை. யானை, தேர், குதிரை, காலாள் நான்கையும் விரல் உயரக் காய்களாக்கி நிறுத்திப் போரிடும் இந்த ஆட்டம் பாரத நாட்டில் பிறந்து, பாரசீகம் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நம் தஞ்சைத் தரணியிலும் இதற்குக் கோயில் உண்டு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவரும் வெல்ல முடியாத ராஜகுமாரியைச் சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தல புராணம். ராஜகுமாரியை வளர்த்த சாமுண்டி தேவிக்கும் அங்கே சந்நிதி இருக்கிறது. மைசூர் உடையார்களின் குலதெய்வமும் சாமுண்டி அல்லவா!

மகாராஜாவை அதிகம் கவர்ந்தது குதிரைக் காய். அது நேராகவும் போகாது, கோணலாகவும் போகாது. இரண்டு கட்டம் தாவி ஒரு கட்டம் திரும்பும். இந்தத் தாவலிலேயே அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒன்றுவிடாமல், ஒன்றில் இருமுறை கால் வைக்காமல் சுற்றி வர முடியுமா? வீட்டில் பலகை இருந்தால் வாசகர்கள் முயன்று பார்க்கலாம். முதல் நாற்பது கட்டம் சுலபம். அப்புறம் குதிரை மூலையில் மாட்டிக்கொண்டு விழிக்கும்.

இது நம் நாட்டில் பழைய வித்தை. வேதாந்த தேசிகர் ‘பாதுகா ஸஹஸ்ர’த்தில் குதிரை தாவும் வழியில் எழுத்துக்களை எடுத்துப் படித்தால் இன்னொரு சுலோகம் வரும்படி பாடியிருக்கிறார். கிருஷ்ணராஜர் அந்த வித்தையைக் கணக்கோடு இணைத்தார். குதிரை கால் வைக்கும் வரிசையில் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட வேண்டும். சுற்று முடிந்தபின் எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். அறுபத்து நான்கு கட்டப் பலகையானால் அந்தத் தொகை 260. பக்கத்துக்குப் பன்னிரண்டாக 144 கட்டமுள்ள பெரிய பலகையில், குறுக்கு வரிசையும் நெடுக்கு வரிசையும் 870 ஆகும்படி குதிரையை நடத்திய பெருமையைச் சதுரங்கக் கணித ஆராய்ச்சியாளர்கள் இவருக்கே தருகிறார்கள். ஒரு கட்டம் பிசகினாலும் அத்தனையும் அழித்து மறுபடி தொடங்க வேண்டிய வேலை அது!

அதோடு நிற்கவில்லை. அவர் பெயரால் வழங்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்ற பெரிய சித்திர நூலுக்கு ஒன்பது நிதிகள் உண்டு. தெய்வ உருவங்கள், கிரகங்கள், ஆகமங்கள் என்று செல்லும் அந்த நூலின் கடைசிப் பகுதி கௌதுக நிதி. அதாவது விளையாட்டு நிதி. சதுரங்கமும், பலகை ஆட்டங்களும், கஞ்சீபாச் சீட்டாட்டங்களும் அதில் இருக்கின்றன. ஒரு சீட்டாட்டத்துக்கு 360 சீட்டு! 122 யோகாசனங்களின் படங்களும் அதே பகுதியில் உள்ளன. தெய்வத்தைப் பற்றிய புத்தகத்தில் விளையாட்டுக்கும் ஆசனம் போட்டவர் அவர்.

மேல்நாட்டில் அதே வேட்கை

இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு போர் விளையாட்டு வளர்ந்தது. பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற லெப்டினென்ட் 1824-ல் நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளைப் படைகளாக வைத்து, தாயம் உருட்டிச் சேதத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். அதிகாரிகள் அதில் யுத்தம் பழகினார்கள். பிறகு 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். அறைத் தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்திப் பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாட அது விதி சொல்லியது. யுத்தப் பித்துக் கொண்டவர்கள் பொம்மையோடு நிறுத்திக்கொண்டால் உலகம் பிழைக்கும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலக யுத்தம் மூண்டது.

மேல்நாட்டு நகரங்களில் இன்றும் இதற்குச் சங்கங்கள் இருக்கின்றன. பெரிய மனிதர்கள் ஒன்றுகூடி, சரித்திரத்தில் கண்டபடியே சிப்பாய்ப் பொம்மைக்குச் சட்டை நிறம் தீட்டி, மேஜைமேல் மலையும் ஆறும் அமைத்து, அளவு நாடாவால் தூரம் பார்த்து, நெப்போலியன் தோற்ற சண்டையைத் திரும்ப நடத்துகிறார்கள். அந்த நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடித்தான் சரபோஜி நம் மல்லிப்பட்டினக் கடற்கரையில் மனோராக் கோபுரத்தைக் கட்டினார். சங்கத்தார் ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கிருஷ்ணராஜருக்கோ, பலகையிலிருந்து எழுந்தால் எதிரே நிஜமான ஆட்டம் ஒன்று முடியாமல் காத்திருந்தது.

வாரிசு என்ற கடைசி ஆட்டம்

டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், ஆண் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தால் நாடு கும்பினிக்குச் சேர்ந்தது. சதாரா போயிற்று, ஜான்சி போயிற்று, நாகபுரி போயிற்று. சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் காலமானார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. தஞ்சாவூர் ராஜ்யம் அத்தோடு முடிந்தது. அரண்மனைச் சொத்துக்காக ராணிகள் வழக்காட வேண்டிய நிலை வந்ததை நம் முன்னோர்கள் கண்ணால் கண்டார்கள்.

கிருஷ்ணராஜருக்கும் பட்டத்துக்குரிய ஆண் பிள்ளை இல்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் கண் மூடினால் மைசூரும் தஞ்சையின் வழியில் போய்விடும் என்றே பலரும் எண்ணினார்கள். ஆட்சியைத் திருப்பித் தரும்படி அவர் கவர்னர் ஜெனரல்களுக்கு மனுமேல் மனு அனுப்பினார். ஒருவர் மறுத்தால் அடுத்தவருக்கு. அவரும் மறுத்தால் லண்டனுக்கு. 1857-ல் வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்டபோது அவர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். அதைப் பயம் என்பார்கள் சிலர். நிதானம் என்பார்கள் சிலர். சுற்றிலும் தன் காய்கள் வெட்டுப்பட்டபின், எஞ்சியிருக்கும் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் காப்பவனின் ஆட்டம் அது.

1865 ஜூனில் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். அனுமதி வருமுன்பே, உறவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை ஸ்வீகாரம் எடுத்துச் சாமராஜேந்திரர் என்று பட்டத்துக்கு உரியவராக்கினார். இந்திய சர்க்கார் ஏற்க மறுத்தது. ஆனால் இங்கிலாந்திலேயே அவருக்காக வாதாட ஆள் கிளம்பியது. மேஜர் ஈவான்ஸ் பெல் அதே ஆண்டில் மைசூருக்காக ஒரு புத்தகமே எழுதினார். பார்லிமெண்டு வரை விஷயம் போயிற்று. 1867-ல் லண்டன் இறங்கி வந்தது: ஸ்வீகாரம் செல்லும், பையன் வயதுக்கு வந்ததும் நாடு அவனுக்குத் திரும்பும்.

அந்தச் செய்தியைக் கேட்டு மன்னர் ஓராண்டுகூட முழுதாக வாழவில்லை. 1868 மார்ச் 27-ந் தேதி எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் பந்தலில் முடிசூடியபோது இருந்த அதே இளம் பிராயத்தில், ஐந்து வயதில், சாமராஜேந்திரர் சிம்மாசனம் ஏறினார். 1881-ல் ஆட்சி முழுவதும் உடையார்களிடம் திரும்பியது. ஐம்பது ஆண்டுக்கு முன் போன ராஜ்யம்! அதன்பின் அணைகளும், மின்சாரமும், பல்கலைக்கழகமும் கண்டு மைசூர் மற்ற சமஸ்தானங்களுக்கு முன்மாதிரி என்று பெயர் எடுத்தது.

நாட்டை ஆண்டபோது தோற்றவர் கிருஷ்ணராஜர். நாடு போனபின் பொறுத்திருந்து வென்றார். அந்த வெற்றியை அனுபவிக்க அவர் இல்லை.

மைசூருக்குப் போகிறவர்கள், 1861-ல் அவர் எழுப்பிய ஜகன்மோகன் அரண்மனையையும் பார்த்து வர வேண்டும். அவர் விரும்பிய ஆட்டங்கள் அங்கே சுவரில் சித்திரங்களாக இருக்கின்றன. அவர் மறைந்து நூறாண்டு கழித்து, 1969-ல், இதே காவிரிக்கரை மாயூரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. 1988-ல் பாரதத்தின் முதல் கிராண்ட் மாஸ்டரும் பிறகு உலக சாம்பியனுமான விசுவநாதன் ஆனந்த் அவர். 2022-ல் மாமல்லபுரத்தில் உலக நாடுகளெல்லாம் கூடிச் சதுரங்க ஒலிம்பியாடு ஆடின.

இன்று பள்ளிப் பிள்ளைகளும் பலகையை விரித்து உட்காருகிறார்கள். அவர்கள் குதிரைக் காயைக் கையில் எடுக்கும்போது, அறுபத்து நான்கு கட்டமும் போதாமல் நூற்று நாற்பத்து நான்கு கட்டத்தில் அதை ஓட்டிப் பார்த்த மைசூர் மகாராஜாவின் கதையைப் பெரியவர்கள் அவர்களுக்குச் சொல்லலாம்.