எண் 310: குலுக்கல் கூப்பிட்டது, எடை தடுத்தது... ஹாலிவுட் ஹீரோ போர் விமானி ஆன கதை

ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’, ‘வெர்டிகோ’ பார்த்தவர்களுக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் தெரிந்திருக்கும். ஒல்லியான உடம்பு, இழுத்து இழுத்துப் பேசும் பாணி. ஆனா, இரண்டாம் உலகப் போரில் அவர் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. அவரை ராணுவத்துக்கு முதலில் கூப்பிட்டது ஒரு குலுக்கல்!

அது என்ன குலுக்கல்?

1940-ல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் களத்தில் இறங்கவில்லை. இருந்தாலும், 21 முதல் 35 வயது வரையிலான ஆண்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. சுமார் 1.6 கோடிப் பேர் பதிந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் இருந்த ஆள்சேர்ப்பு வாரியம், பதிந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்தது.

அக்டோபர் 29-ல் வாஷிங்டனில் ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து எண்களை எடுத்தார்கள். முதலில் வந்தது 158. நாடு முழுக்க எந்தெந்த வாரியத்தில் யார் யாருக்கு அந்த எண்ணோ, அவர்களுக்கு முதல் அழைப்பு. நடிகர், விவசாயி என்ற வித்தியாசமே இல்லை.

ஸ்டூவர்ட்டின் எண் 310. அப்போது அவருக்கு 32 வயது.

தப்பிக்க வழி இருந்தது

உடல் பரிசோதனையில் அவர் தேறவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், அதுக்கேத்த எடை இல்லை. திருப்பி அனுப்பிட்டாங்க. அப்படியே ஷூட்டிங்குக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனா அவர் விடவில்லை. தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரிலும், அப்பா முதல் உலகப் போரிலும் பணியாற்றிய குடும்பம். உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி பரிசோதனைக்குப் போய்த் தேறினார். 1941 பிப்ரவரி இறுதியில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது. மார்ச் 22-ல் சாதாரண சிப்பாய், சம்பளம் மாதம் 21 டாலர்.

வானில் 20 முறை

ஏற்கெனவே விமானி உரிமம் வைத்திருந்ததால் விமானப் படையில் சேர்ந்தார். பிரபல நடிகரைப் போர்முனைக்கு அனுப்ப அதிகாரிகள் தயங்கினார்கள். பயிற்சி கொடுக்கும் வேலையே கிடைத்தது. விடாமல் கேட்டு, 1943 நவம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பி-24 ரக விமானங்களில் 20 முறை தாக்குதலுக்குப் பறந்தார். போர் முடிந்தபோது அவர் கர்னல்.

திரும்பி வந்து நடித்த முதல் படம் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. போரைப் பற்றி மட்டும் வெளியே அதிகம் பேசவில்லை.

மறுபடியும் ஒரு குலுக்கல்

1969 டிசம்பர் 1-ல் வியட்நாம் போருக்காக அமெரிக்காவில் மீண்டும் குலுக்கல் நடந்தது. இந்த முறை ஜாடிக்குள் இருந்தவை பிறந்த தேதிகள். அதற்கு ஆறு மாதம் முன்புதான், மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்து ஸ்டூவர்ட் வளர்த்த மகன் வியட்நாமில் இறந்திருந்தார். வயது 24.

20 முறை குண்டுமழைக்குள் போயும் உயிரோடு திரும்பியவர், மகனை இழந்த அப்பாவாக இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1997-ல் இறந்தார்.