ஏக்கர் ஒரு ரூபாய்!

ஊட்டியில் ஒரு ஏக்கர் நிலம் ஒரு ரூபாய் என்றால் இன்று யாராவது நம்புவார்களா? அந்த விலைக்குத்தான் வாங்கினார், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன்.

இவர் 1788-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1815-ல் கோவை கலெக்டர் ஆனார். நீலகிரி அப்போது கோவை ஜில்லாவில் இருந்தது. மலைக்கு நல்ல பாதை கிடையாது. 1819-ல் சல்லிவன் மலை ஏறினார். குளிர்ந்த காற்றும் பச்சைப் புல்வெளியும் அவர் மனதைக் கவர்ந்தன.

7 ஆயிரம் அடிக்கு மேல் உள்ள அந்த இடத்தில், தோடர்கள் எருமை மேய்த்து வந்தார்கள். அவர்களிடம் நிலம் வாங்கினார். 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். ஊட்டியின் முதல் பங்களா அதுதான். ஓடையைத் தடுத்து ஏரியும் அமைத்தார்.

அவர் கொடுத்த விலை சொற்பம்தான். ஆனாலும், நிலம் தோடர்களுக்கே சொந்தம், அதை எடுத்தால் அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடினார். மேலிடம் அதை விரும்பவில்லை.

1838-ல் அவருடைய மனைவியும் மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் ஊட்டியிலேயே அடக்கம் செய்தார்கள். 1841-ல் சல்லிவன் தாய்நாடு திரும்பினார். 1855-ல் காலமானார்.

எருமை மேய்ந்த புல்வெளி நகரமாகிவிட்டது. கல் பங்களா இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது.