மூணு நிமிஷத் தட்டும் விடியவிடிய நாடகமும்
(எஸ்.ஜி. கிட்டப்பா வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். அப்துல் கலாம் ஏற்கெனவே மூன்று பேரிடம் போய்விட்டார். பாரதியாரை இரண்டாம் ஆண்டு சிவில்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் கிட்டப்பா என்று சொன்னதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. அது யாருடா, பழைய படத்து வில்லனா என்று கேட்டான் ஒருவன். அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை நண்பர்களே. தமிழில் பேசும் படம் வந்த 1931-க்குப் பிறகு அவர் உயிரோடு இருந்ததே இரண்டு வருஷம் சொச்சம்தான். அப்படியென்றால் இத்தனை வருஷம் கழித்து பாலக்கோடு பக்கத்து ஒரு பையனுக்கு அவரை எப்படித் தெரியும்? அதற்கு முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். தாத்தாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சின்ன வயதில் ஒரு மைக்செட்காரரிடம் எடுபிடியாக இருந்தார். கல்யாணம், திருவிழா என்று ஊர் ஊராகப் போய்ப் புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, இசைத்தட்டுப் பெட்டியைத் தலையில் சுமப்பது, கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது, எல்லாம் அவர் வேலை. அந்தப் பெட்டியில் கிட்டப்பா தட்டு ஒன்று இருந்தது. வள்ளி திருமணம் நாடகத்தில் வரும் காயாத கானகத்தே பாட்டு. அதில் ஓர் இடத்தில் குரல் குபுகுபுவென்று ஓடும். பிர்கா என்பார்கள். மேலே போய்க் கீழே உருண்டு மறுபடி மேலே போய் நிற்கும். அதை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று தாத்தாவுக்கு ஆசை. தட்டு ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டில் சாவி கொடுக்க மறந்துவிட்டார். ஸ்பிரிங் தளர்ந்தது. கிட்டப்பாவின் குரல் இறங்கி இறங்கிக் கரடி உறுமுவது மாதிரி ஆகிப்போச்சு. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி திட்டினார். தாத்தாவுக்கு மட்டும் காது திறந்துகொண்டது. அந்த உறுமலில் பிர்காவின் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்டதாம்! அன்றிலிருந்து ராத்திரி முதலாளி தூங்கின பிறகு வேண்டுமென்றே சாவி கொடுக்காமல் தட்டைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். பிறகு வேகத் திருகு ஒன்று இருப்பதையும் கண்டுபிடித்தார். நம்ம பாடத்தில் வரும் கவர்னரேதான்! மெல்லிய பட்டை ஸ்பிரிங்கில் கட்டிய சின்னக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், அதோடு ஒரு வட்டத்தகடு நகர்ந்து தோல் துண்டில் உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்தும். அந்தத் தோல் துண்டைத் தள்ளியும் விலக்கியும் வைப்பதுதான் திருகு. கவர்னர் படத்தை நான் நோட்டில் வரைந்துகொண்டிருந்தபோது தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, இது கிராமபோன் பெட்டிக்குள் இருப்பதாயிற்றே என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இப்படிக் கற்ற பாட்டால்தான் தாத்தா பிற்பாடு எங்கள் பக்கத்து ஊர்களில் வேலன் வேஷம் கட்டினார். சரி, கிட்டப்பாவுக்கு வருவோம்.

கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. ஊர் செங்கோட்டை. தகப்பனார் கங்காதர ஐயர். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன், வீட்டில் கிட்டன், அதுவே கிட்டப்பாவாகி நிலைத்தது. பெரிய குடும்பம், வருமானம் போதாது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய்ஸ் கம்பெனி என்ற ஒரு வாசல் திறந்திருந்தது. சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் போடும் கம்பெனிகள். சோறு, துணி, பயிற்சி எல்லாம் அங்கேயே. அண்ணன்மாரோடு கிட்டப்பாவும் பால் மணம் மாறாத வயதிலேயே மேடை ஏறிவிட்டார். தமிழ் நாடகத்தின் பெரிய வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகளின் நிழலில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் என்று சொன்னால் அவருக்கு அதுதான்.

பாட்டுக்கென்று ஒரு குருவிடம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து முறையாகக் கற்றவர் இல்லை அவர். எல்லாம் கேள்வி ஞானம். நாதஸ்வரம் கேட்டாலும் கச்சேரி கேட்டாலும் காது வாங்கிக்கொள்ளும், தொண்டை திருப்பிக் கொடுத்துவிடும். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது, மறைப்பானேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் படித்தவர்களுக்கு இது புரியும்.

வாலிபப் பருவத்தில் சென்னையில் கன்னையா கம்பெனிக்கு வந்தார். கன்னையா கம்பெனி என்றால் சீன் ஜோடனைக்குப் பேர் போனது. தசாவதாரம் நாடகத்தில் கிட்டப்பாவின் பாட்டுக்காகவே ஜனங்கள் திரண்டார்கள். மைக் கிடையாது நண்பர்களே! கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும். ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பா பாடியது பெண்கள் பாடும் உயரத்தில். கத்தலாக இருக்காது, மணி அடித்தது போல இருக்கும். ஒரு பாட்டைப் பாடி முடித்தால் ஒன்ஸ்மோர் எழும். மறுபடி பாடுவார், இந்தத் தடவை வேறு மாதிரி விரிப்பார். நாடகம் ராத்திரி தொடங்கி விடியவிடிய நடக்கும். தியாகராஜரின் எவரனி கீர்த்தனையைக் கச்சேரி மேடை ரசிகர்களுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பாமர ஜனங்கள் வாயில் முணுமுணுக்க வைத்தவர் அவர்தான்.

1926-ல் கொழும்பு. அங்கே கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நாடகங்களில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். ரயிலில் பாடிப் பிழைத்த ஏழை வீட்டுப் பெண். அவர் குரலுக்கு ஈடு கொடுக்க எந்த நடிகராலும் முடியவில்லை என்று பேச்சு. கிட்டப்பாவை அவருக்கு ஜோடியாகப் போட ஏற்பாடு ஆனது. இரண்டு பக்கமும் பயமுறுத்தினார்களாம், இவரிடம் அவரையும் அவரிடம் இவரையும் சொல்லி! வள்ளி திருமணம் மேடையில் வேலனும் வள்ளியும் போட்டி போட்டுப் பாடினார்கள். போட்டி காதலில் முடிந்தது. 1927-ல் திருமணம். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே ஒரு மனைவி உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சுந்தராம்பாளின் வாழ்க்கையில் பாதித் துயரம் அங்கேயிருந்துதான் புறப்பட்டது. இருவரும் கதர் உடுத்தினார்கள், காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாட்டுப் பாடினார்கள். ஜனங்கள் இரண்டு பேரையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் குடும்பத்துக்குள் ஊர்ப்பேச்சும் சந்தேகமும் புகுந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்தபோது சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்து பலரையும் அழ வைத்தன.

மதுப் பழக்கம் கிட்டப்பாவின் உடம்பைத் தின்றது. 1933 டிசம்பர் 2-ம் தேதி காலமானார். வயது 27. நம் லேப் அசிஸ்டன்ட் சாருக்கு இருக்கும் வயது!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. விடியவிடியப் பாடிய மனிதரில் நமக்கு மிஞ்சியது என்ன? சில இசைத்தட்டுகள் மட்டும். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் அரை நிமிஷம் கூட. அரைமணி விரித்த பாட்டாக இருந்தாலும் அதற்குள் அடைக்க வேண்டும். எல்லாப் பாடகர்களும் தட்டுக்காகப் பாட்டைச் சுருக்கினார்கள், ஓட்டினார்கள். அப்படியென்றால் நாம் கேட்கும் கிட்டப்பா அவசரமாகப் பாடும் கிட்டப்பா. என் தாத்தா ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தட்டை மெதுவாக்கினாரே, அவர் பாட்டைக் கெடுக்கவில்லை, கம்பெனி சுருட்டியதைப் பிரித்துப் பார்த்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. போனில் தேடினால் இதே பாட்டு இரண்டு மூன்று பேர் ஏற்றியது கிடைக்கிறது. நான் இரண்டைக் கேட்டேன். ஒன்றில் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை தூக்கல். அதே தட்டுதான், அதே ஆள்தான்! காரணம் வேகம். தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுற்றினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 78 சுற்ற வேண்டியது 82, 83 சுற்றினால் போதும். திருகு கொஞ்சம் நகர்ந்திருந்தாலே கிட்டப்பா வேறு ஆளாகிவிடுவார். தவிர, அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை என்றும் சொல்ல முடியாது. எது நிஜக் கிட்டப்பா? எங்கள் ஊர்க் கூத்து ஆர்மோனியக்காரரிடம் போனைக் கொண்டுபோனேன். தட்டில் பின்னால் ஆர்மோனியம் இழைகிறது அல்லவா, அதைத் தன் பெட்டியோடு சேர்த்துப் பார்த்தார். ஒன்று கட்டையில் அச்சாக உட்கார்ந்தது. மற்றொன்று இரண்டு கட்டைக்கும் நடுவில் சந்தில் மாட்டிக்கொண்டது. ஆர்மோனியத்தில் சந்துக்குள் சுருதி கிடையாது, எனவே அது வேகம் தப்பியது என்றார். அந்தக் காலத்துப் பெட்டியும் இந்தக் காலத்துப் பெட்டியும் ஒரே அளவா என்று நான் குறுக்குக் கேள்வி கேட்டதற்கு, டிப்ளமோ படித்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

தட்டிலிருந்து கற்பது ஏதோ எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சார்லி பார்க்கர் என்ற சாக்ஸபோன் மேதை, மேடையில் அவமானப்பட்ட பிறகு 1937 கோடையில் ஓசார்க் மலைப் பக்கம் வேலைக்குப் போகும்போது லெஸ்டர் யங் வாசித்த தட்டுகளைக் கையோடு கொண்டுபோய் மனப்பாடம் செய்து திரும்பினார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. நம் பக்கத்தில் டி.ஆர். மகாலிங்கம். 1945-ல் வந்த ஸ்ரீ வள்ளி படத்தில் காயாத கானகத்தே பாடியபோது ஜனங்கள் கிட்டப்பாவே திரும்பி வந்ததாக நினைத்தார்கள்.

சுந்தராம்பாள் மட்டும் அப்படி யாரையும் நினைக்கவில்லை. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 25 வயது. வெள்ளைப் புடவை கட்டியவர் 1980-ல் இறக்கும்வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். லட்ச ரூபாய் கொடுத்து சினிமாவுக்கு அழைத்தபோதும் 1935-ல் நந்தனாராக ஆண் வேஷத்தில்தான் நடித்தார். அந்தக் காலத்து லட்சம்! அவரிடமும் கிட்டப்பாவின் தட்டுகள் இருந்திருக்கும் அல்லவா? போட்டுக் கேட்டிருப்பாரா? எத்தனையோ ராத்திரி நான் இதை யோசித்திருக்கிறேன்.

போன வருஷம் என் தாத்தாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. வேலன் பாட்டை நான் சரியாக ஒருமுறைகூட அவரிடம் கேட்டுக் கற்கவில்லை. பாடும்போது பதிவும் செய்யவில்லை. கையில் போன் இருந்தும்! ரீல்ஸ் பார்க்க இருந்த நேரம் அதற்கு இல்லை.

இப்போது சனி, ஞாயிறு ஊருக்குப் போனால் இருவரும் திண்ணையில் உட்காருகிறோம். போனில் பாட்டைப் போட்டுப் பாதி வேகத்துக்கு வைப்பேன். முதல் நாள் தாத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. கரடிக் குரல் எங்கே என்று கையால் கேட்டார். தட்டு பாதி வேகத்தில் சுற்றினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். போன் அப்படி இல்லை, பாட்டைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அகட்டி அடுக்குகிறது, அதனால் நேரம் நீளும், சுருதி இறங்காது என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஓரிடத்தில் முகம் சுளித்தார். துண்டு ஒட்டுகிற இடம் பிசிறு தட்டுகிறது. எனக்கு அது கேட்கவே இல்லை.

பிர்கா வரும்போது என் தொடையில் விரலால் தட்டுவார். பதினொன்று தட்டு. நான் ஒன்பதில் மூச்சு விட்டுவிடுகிறேன். மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டுகிறார். கிட்டப்பா அதை எங்கே எடுத்தார் என்று தட்டில் கேட்காது, தாத்தாவின் கையில்தான் தெரிகிறது. மூன்று மாதத்தில் பாதி வேகத்திலிருந்து முக்கால் வேகத்துக்கு வந்திருக்கிறேன். பங்குனித் திருவிழாக் கூத்தில் ஒரு பாட்டு மட்டும் தருவதாக ஆர்மோனியக்காரர் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் முழு வேகத்துக்குப் போகலாமா என்று ஆசையோடு கேட்டேன். தாத்தா போனைப் பிடுங்கி, தடவித் தடவி, மறுபடியும் பாதிக்கே இழுத்துவிட்டார்.